மூணு வார லீவும் மூஞ்சியில ஆசிட்டும்

லீவுக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும் நம்ம சனங்க கேக்கிற முதல் கேள்வி: "ஏனுங்க, புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் இப்பிடிப் பருவா இருக்குது?" அடுத்ததே யோசனை: "பொள்ளாச்சியில ஒரு பீலிங் பண்ணிட்டுப் போயிருங்க."

பண்ணாதீங்க. கெமிக்கல் பீலிங்குக்கு நான் எதிரி இல்லை. லீவுல, பார்லர்ல பண்றதுக்குத்தான் எதிரி.

பீல்னா அமிலம்தான். கிளைகாலிக், சாலிசிலிக், டி.சி.ஏ.ன்னு பல வகை. தோலோட மேலடுக்கை அளவா உரிச்சு எடுக்கும். தெரிஞ்ச கை போட்டா பருவுக்கும், பரு போனபின் நிக்கிற கறைக்கும் உதவும். ஆனா கறை வேற, குழி வேற. ஊசி குத்தின மாதிரி ஆழமான குழி மேலோட்டமான பீலுக்கு நிரம்பாது. அடர்த்தியான டி.சி.ஏ.வைக் குழிக்குள்ள மட்டும் தொட்டு வைக்கிற முறை இருக்கு. அது தோல் டாக்டர் வேலை.

நம்ம நிறத்துக்கு இன்னொரு ஆபத்து. அமிலம் கொஞ்சம் மிஞ்சினாலும் தோல் கறுத்துடும், மாசக்கணக்கில் நிக்கும். என் சொந்தத்தில் ஒரு பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு 10 நாள் முன்னாடி ஒரு பார்லர்ல போட்டாங்க. ரெண்டு கன்னமும் கறுத்துப் போச்சு. என்ன ஆசிட்னு கேட்டா, "இம்போர்ட்டட் சார்" என்று பதில்.

வட்டியை மட்டும் சொல்லி, தவணையைச் சொல்லாதவன்கிட்ட கடன் வாங்குவீங்களா? "30% கிளைகாலிக்" என்பதும் அப்படித்தான். அதோட பி.எச். எவ்வளவு, எத்தனை நிமிஷம் முகத்தில் இருக்கும், எரிஞ்சா யார் பொறுப்பு? மூணுக்கும் பதில் இல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீங்க.

கணக்கும் உதைக்குது. பொதுவா 4 முதல் 6 தடவை, ஒவ்வொண்ணுக்கும் 2 முதல் 4 வாரம் இடைவெளி. மூணு வார லீவுல எப்படி முடியும்? முதல் தடவை போட்டுட்டு ஃப்ளைட் ஏறினா, புள்ள இங்க, போட்டவங்க அங்க.

ஆன்லைன்ல வாங்கி வீட்டிலேயே போடலாம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில், டாக்டர் மேற்பார்வை இல்லாம கடுமையான பீல்களைப் போடாதீங்கன்னு எச்சரிச்சது.

இருக்கிற ஊர்லயே தோல் டாக்டரைப் பாருங்க. முதல்ல பருவை அடக்கணும், தழும்பு அப்புறம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லுங்க. சன்ஸ்கிரீனை விடாதீங்க.

ஃபேர் அண்ட் லவ்லியே 2020ல் பேரை மாத்திக்கிச்சு. நம்ம பெரியம்மா, சித்திங்கதான் இன்னும் கேள்வியை மாத்தலை. அவங்க வாயை அடைக்க நம்ம புள்ளைங்க தோலை உரிக்கணுமா?