மீன்கொத்திக்கு எந்த ஜன்னல்?



எங்கள் இதழின் பக்கங்களை வடிவமைக்கும் தோழி சென்ற மாதம் புது வீட்டுக்குக் குடிபோனார். பால் காய்ச்சிய அன்று, வந்தவர்களிடமெல்லாம் காப்பி கொடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எங்கே மாட்டலாம்?"

'இது' என்பது வார இறுதிகளில் அவரே உட்கார்ந்து செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல். இரண்டடி உயரம், ஒன்றரையடி அகலம். நாணல் தண்டில் ஒரு மீன்கொத்தி. பூஜை அறைக் கதவுக்கு மேலே என்றார் மாமியார். ஹாலில் டிவிக்கு மேலே என்றார் கணவர். மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னலில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்றார் பக்கத்து ஃபிளாட்காரர்.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துண்டு துண்டாக வெட்டி, விளிம்பைத் தீட்டி, சுற்றிலும் செம்புப் பட்டை ஒட்டி, அதன் மேல் சால்டரிங் ஓட்டியிருக்கிறார். விரலால் தடவினால் கோடு நெடுக மெல்லிய மேடு தட்டுப்படுகிறது. இறக்கையின் நீலத்துக்குள் கடுகளவில் காற்றுக் குமிழ்கள். கண்ணாடியை ஆழமான உள்வளைவாக வெட்டப் பார்த்தால், கீறிய கோட்டை விட்டு விரிசல் தன் போக்கில் ஓடிவிடுமாம். அதனால் அலகுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள மூலையிலிருந்து பின்னணிக்குள் ஒரு கோடு போயே ஆக வேண்டும். அந்தக் கோட்டை நாணலின் இன்னொரு தாளாக்கிவிட்டார். அவர் சொல்லியிராவிட்டால் நான் கண்டே பிடித்திருக்க மாட்டேன்.

சரி, எங்கே மாட்டுவது? வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் தெற்கு ஜன்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் ஊரில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். நம் கதை வேறு. சென்னையில் சித்திரை இரண்டாம் வாரம் தொடங்கி ஆடி முடியும் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயிலே கிடையாது. மார்கழியில் தலைகீழ். நடுப்பகலிலேயே சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. சன்ஷேடு மறைக்காவிட்டால் தெற்கு ஜன்னலின் வண்ணம் அறைக்குள் தரையில் வந்து விழும். மேற்கு ஜன்னல் மாலையில் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் சூடேறி ஆறினால் ஈயம் வைத்துக் கட்டிய பெரிய ஜன்னல்கள் நாளடைவில் பிதுங்கிவிடும். என் ஓட்டு கிழக்குக்கு. வருஷம் முழுவதும் காலையில் கொஞ்ச நேரமாவது வெயில் நிச்சயம்.

இருட்டிய பிறகு? வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் இந்த மாதிரிக் கண்ணாடிக்கு உயிர். ராத்திரியில் விளக்கு நம் பக்கம் எரியும்போது வீட்டுக்குள் இருப்பவருக்கு ஜன்னல் கறுத்துப்போகும், தெருவில் போகிறவருக்கு ஜொலிக்கும். அந்தி மங்கும் வேளையில் இன்னொரு வேடிக்கை. நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் அடங்கும், நீலம் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். மீன்கொத்தியின் மார்பு இருண்ட பிறகும் இறக்கை தெரிந்துகொண்டிருக்கும்.

இப்படிப் பார்த்தால் டிவிச் சுவர்தான் மூன்றிலும் மோசம். மாமியார் யோசனையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. பூஜை அறைக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்தால் போதும், ஹாலில் இருப்பவர்களுக்கு ராத்திரியிலும் பறவை உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலும் ஜன்னல், கதவுகளுக்கு மேலேதானே வண்ணக் கண்ணாடி பதித்தார்கள்! அது மரச்சட்டத்தில் பொருத்திய தட்டைக் கண்ணாடி, வேலை வேறு. ஆனால் வெளிச்சத்தின் கணக்கு ஒன்றுதான்.

எங்கே வைத்தாலும், இருக்கிற ஜன்னலைப் பெயர்க்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி வெளியே இருக்கட்டும், இது உள்ளே. நடுவில் காற்றோட இடைவெளி விடுங்கள், ஈரம் தங்காது. இங்கிலாந்தில் யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தின் கிழக்குப் பெருஜன்னல் 1405க்கும் 1408க்கும் இடையில் செய்யப்பட்டது. அதைப் பழுதுபார்த்து 2018இல் வேலையை முடித்தவர்களும் வெளியே காப்புக் கண்ணாடி போட்டுத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். அங்கே மழையும் வெயிலும், இங்கே கூடுதலாகக் கிரிக்கெட் பந்து.

எடையையும் மறக்காதீர்கள். சதுர அடிக்கு ஒன்றரை கிலோவை நெருங்கும். இந்த மீன்கொத்தியே நாலரை கிலோ வரலாம். சுற்றிலும் உலோகச் சட்டம் போட்டு, கொக்கியைப் பக்கவாட்டு விளிம்பில் பற்றவைத்துச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். மேல் விளிம்பில் மட்டும் கொக்கி வைத்தால் மொத்தப் பாரமும் அந்த ஒரு பட்டையை இழுக்கும். டபுள் டேப் பேச்சே வேண்டாம்.

தோழி இன்னும் முடிவு செய்யவில்லை. மரத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்து, வாரத்துக்கு ஒரு ஜன்னலாக மாற்றி வைத்துப் பார்க்கிறார். இப்போது சமையலறையில் நிற்கிறது. "தை பிறக்கட்டும், அப்புறம் ஆணி அடிக்கலாம்" என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

உங்கள் வீட்டிலும் வண்ணக் கண்ணாடி இருக்கிறதா? தாத்தா காலத்து மேல்வளைவோ, நீங்களே செய்ததோ, படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். எந்தத் திசை ஜன்னல், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்