கடல் கடக்கும் ஆடையும் கணக்கில் வாரா அறமும்

மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், அங்கு அறநெறி பிறழாது வாழ்ந்த வணிகரையும் மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. அன்று விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நின்றனர். இன்றோ, நமக்கு வடக்கேயுள்ள திண்டுக்கல் வட்டாரத்தில் சட்டை தைக்கும் பெண்ணை, ஐரோப்பாவில் அதனை அணிபவர் ஒருநாளும் காண்பதில்லை.

2021 சனவரியில் அவ்வட்டாரத்து நாச்சி அப்பேரல் ஆலையின் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் ஓராண்டுக்கு மேல் போராடினர். அதன் பயனே 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்டு எம் நிறுவனங்களோடு ஏற்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம். தொழிலாளரே துன்புறுத்தலைக் கண்காணிப்பர். ஆலை விதி மீறின், சரக்கு வாங்கும் நிறுவனம் தன் வாணிகத்தைக் கொண்டே அதனைத் திருத்தவேண்டும். இப்பிணைப்பே அதன் உயிர்நாடி. பிணைப்பில்லா நன்னடத்தை விதிகள் (எத்துணை அழகாய்ச் சட்டமிட்டு மாட்டினும்) சுவருக்கே அணியாகும். விலையைக் குறைத்துத் தவணையையும் சுருக்கும் வாங்குவோர்க்கும் பழியில் பங்குண்டு என்பதே என் துணிபு.

இத்தகைய கட்டுப்பாடு வந்தால் ஏற்றுமதி வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பாருண்டு. அந்நாட்டிலேயே, 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசா விபத்தின்பின், 2013-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் தம்மைப் பிணைக்கும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன.