கொள்ளைநோய்க் காலத்து மரணக் கணக்கு: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு மாநிலத்தில் கொள்ளைநோய் பரவும்போது, எத்தனை பேருக்கு நோய் தொற்றியது, அவர்களில் எத்தனை பேர் மாண்டனர் என்னும் கணக்கை அரசாங்கம் எந்த ஆதாரத்தினின்று எடுத்து, எந்த முறையில் ஜனங்களின் முன் வைக்க வேண்டும் என்ற கேள்வியில், எங்கள் சங்கம் தன் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடு பெற்ற அனுபவமே இவ்வறிக்கைக்கு ஆதாரம். அடுத்த நோய் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்தபின் கணக்கெடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க அவகாசம் இராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் அமைதியான இக்காலத்திலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவது உசிதம் என்று கருதுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். மருத்துவமனைகள் அனுப்பும் பட்டியலைக் கொண்டு மாத்திரம் மரணக் கணக்கைத் தயாரிக்கலாகாது. பிறப்பு இறப்புப் பதிவேட்டையே அதற்கு மூலமாகக் கொள்ள வேண்டும். எக்காரணத்தால் நேர்ந்ததாயினும் ஒவ்வொரு மரணமும் அடங்கிய மொத்த எண்ணிக்கையை, நோய் நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே, வாரந்தோறும், நகரங்களில் வார்டு வாரியாகவும் கிராமப்புறங்களில் வட்டம் வாரியாகவும், முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதே வாரத்துக்குரிய எண்ணிக்கையோடு பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இவ்வாறு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது முதல், மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் மாலையில் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டு வந்தது. மாவட்டம் மாவட்டமாகத் தொற்று, பரிசோதனை, குணமடைந்தோர் என்று பிரித்துக்காட்டி, மாண்டவர் ஒவ்வொருவரின் வயது, அவருக்கிருந்த இணை நோய்கள், அனுமதிக்கப்பட்ட தேதி, இறந்த தேதி ஆகியவற்றைப் பெயர் குறிப்பிடாமல் தந்த அந்தக் குறிப்பு, பாராட்டத்தக்க காரியம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பரிசோதனையிலும் இம்மாநிலம் விரைவுச் சோதனைகளை நாடாமல் ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பெரும்பாலும் கைக்கொண்டது. இவ்வளவு சிரத்தையோடு நடந்த மாநிலத்திலேதான் 2020 ஜூலை 22ஆம் தேதி, சென்னையில் முந்தைய மாதங்களில் நேர்ந்து கணக்கில் வராமற்போன 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒரு குழு ஒப்புநோக்கிய பிறகே அவை வெளிவந்தன. பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பட்டியலில்தான் இல்லை. 2021 ஜூனில் பீகாரில் இதைவிடப் பெரிய திருத்தம் நேர்ந்தது: அங்கே ஒரே நாளில் 3,951 மரணங்கள் கூட்டப்பட்டன.

இப்படி மொத்தமாகக் கூட்டுவதில் மற்றொரு தீங்கும் இருக்கிறது. மே மாதத்தில் மாண்டவர் ஜூலைக் கணக்கில் ஏறும்போது, நோய் எப்போது உச்சம் பெற்றது, எப்போது தணிந்தது என்பதைக் காட்ட வேண்டிய கோடு பொய்யாகிவிடுகிறது. எனவே எந்தத் திருத்தமானாலும், மரணம் நேர்ந்த தேதியிலேயே சேர்க்கப்பட வேண்டும். அறிவிக்கப்பட்ட தேதியின்படி ஒரு வரிசையும், நேர்ந்த தேதியின்படி ஒரு வரிசையும் என இரண்டும் தனித்தனியே வெளிவர வேண்டும்.

மருத்துவமனைப் பட்டியலிலிருந்து ஒரு மரணம் நழுவிப்போகும் வழிகள் பல. வீட்டிலேயே மூச்சுத்திணறி இறந்தவருக்குப் பரிசோதனையே நடந்திராது. மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தவருக்கு மறுபரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்கும். நுரையீரல் மாத்திரம் மீளாமல் அவர் இறந்திருப்பார். சான்றிதழில் நிமோனியா என்று எழுதப்பட்டிருக்கும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் இறந்தால், நோய் எது, இணை நோய் எது என்ற விவாதம் எழும். சர்க்கரை வியாதியோடு இன்னும் பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவரைத் தொற்று கொன்றதென்றால், அது தொற்றினால் நேர்ந்த மரணமே என்பது எங்கள் உறுதியான கருத்து. 2020 மே மாதத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைத் தன் வழிகாட்டுதலில் தெளிவுபடுத்தியிருந்தது. ஆயினும், நாடு முழுவதும் அவ்வாண்டு பதிவான மரணங்களில் மருத்துவச் சான்றோடு காரணம் குறிக்கப்பட்டவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்னும்போது, காரணத்தை மட்டும் நம்பி எண்ணுவது எவ்வளவு பலவீனமான முறை என்பது விளங்கும். காரணம் மாறலாம், மறைக்கப்படலாம், தெரியாமலே போகலாம். மரணத்தின் மொத்த எண்ணிக்கையை மறைப்பது அத்தனை சுலபமன்று.

இந்த உண்மை நமக்குப் புதிதன்று. 1918ஆம் ஆண்டில் இன்ஃபுளுவென்சா இத்தேசத்தைச் சூறையாடியபோது, கிராமப் பதிவேடுகளில் பெரும்பாலான மரணங்கள் வெறும் சுரம் என்ற தலைப்பிலேயே எழுதப்பட்டன. ஆயினும் சுரத்தால் இறந்தோர் தொகை வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை மடங்கு உயர்ந்தது என்பதிலிருந்தே பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கொள்ளைநோயின் பரிமாணத்தை அளந்தனர். 1911க்கும் 1921க்கும் இடையில் இந்திய ஜனத்தொகை பெருகாமல் சற்றுக் குறைந்தே போயிற்று. நோயின் பெயரை அறியாத கிராம அதிகாரிகள் மரணத்தையாவது குறித்து வைத்ததனால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

இனி விகிதத்தைப் பற்றி. தொற்று கண்டவர்களில் நூற்றுக்கு இத்தனை பேர்தான் இறந்தனர் என்று சொல்லி, அதை நிர்வாகத் திறமைக்கு நற்சாட்சிப் பத்திரமாகக் காட்டும் வழக்கம் கொரோனா நாட்களில் பல மாநிலங்களில் பரவியிருந்தது. அவ்விகிதத்தின் மேற்பகுதி குறையும் காரணங்களைக் கண்டோம், கீழ்ப்பகுதியும் உறுதியானதன்று. 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழ்நாட்டில் நடந்த எதிர்ப்பொருள் ஆய்வில் நூறு பேரில் ஏறக்குறைய 31 பேர் ஏற்கெனவே நோய்க்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. அதாவது இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள். பரிசோதனையில் கண்டறியப்பட்டவர்களோ ஏழு லட்சத்துச் சொச்சம்தான். அன்றியும், தொற்றுக்கும் மரணத்துக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்கள் செல்வதால், நோய் வேகமாகப் பெருகும் நாட்களில் இன்றைய மரணத்தை இன்றைய தொற்றால் வகுத்தால் விடை சிறுத்தே தோன்றும். 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் நோய் பரவியபோது, ஆரம்ப வாரங்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவிலேயே இறப்பதாகக் கருதப்பட்டது. நோய் அடங்கியபின் பார்த்தால் 1,755 பேரில் 299 பேர் மாண்டிருந்தனர். எனவே, பரிசோதனைகளின் எண்ணிக்கையையும் கால இடைவெளியையும் கூறாமல் விகிதத்தை மாத்திரம் அறிவிப்பதை அரசாங்கம் அறவே கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெரிய எண்களை வெளியிட்டால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். அண்டை வீடுகளில் சாவு விழுவதையும், மயானங்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்பதையும் 2021 மே மாதத்தில் ஜனங்கள் தம் கண்களாலேயே கண்டார்கள். கண்ட காட்சிக்கும் கேட்ட கணக்குக்கும் பொருத்தம் இல்லாதபோது அவர்களுடைய பீதி குறையவில்லை. அரசாங்கத்தின் சொல்மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது.

எங்கள் கோரிக்கை நிறைவேற்ற இயலாததன்று. மரணப் பதிவு ஏறக்குறைய முழுமையாக நடைபெறும் மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரும், நகரங்களில் உள்ளாட்சிச் சுகாதார அதிகாரிகளும் பதிவாளர்களாக இருக்கிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். கொள்ளைநோய்க் காலத்தில் இந்த அவகாசம் நீண்டதாகையால், மயானப் பதிவேட்டிலிருந்து அன்றன்றைக்கே தொகையைப் பெற்று, தற்காலிகக் கணக்கு என்று குறித்து வெளியிடலாம். பெயரும் விலாசமும் எக்காரணத்தாலும் வெளிவரலாகாது.

இதில் குடும்பங்களின் நியாயமும் அடங்கியிருக்கிறது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு ஐந்து லட்ச ரூபாய் வைப்புத்தொகை என்று தமிழக அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் நாடெங்கும் தொற்றால் மாண்டவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 50,000 ரூபாய் நிவாரணம் என்று ஏற்பாடாயிற்று. இவ்வுதவிகள் எல்லாம் ஒரு காகிதத்தில் காரணம் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பதையே பற்றி நின்றன. குஜராத்தில் அரசுக் கணக்கின்படி இறந்தவர் ஏறக்குறைய பத்தாயிரம் பேராக இருக்க, அதைப்போல் பல மடங்கு குடும்பங்களின் மனுக்கள் நிவாரணத்துக்கு ஏற்கப்பட்டதை இங்கே நினைவூட்டுகிறோம். சான்றிதழைத் திருத்தக்கோரும் உரிமையும், அதை விசாரிக்க மாவட்டக் குழுவும், நோய் தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும்.

நாடு முழுவதும் 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான மரணங்கள் 2021இல் 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்தன. இவ்வுயர்வில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வட்டத்துக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பது ஜனங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்விரண்டு ஆண்டுகளின் இறப்புப் பதிவேட்டை வாரம் வாரமாக, வட்டம் வட்டமாகத் தொகுத்து, சட்டமன்றத்தின் முன் வைத்து, எவரும் எடுத்து ஆராயும் வண்ணம் தமிழில் வெளியிட வேண்டும் என்று மாநில அரசை எங்கள் சங்கம் கேட்டுக்கொள்கிறது.