பெண்களும் ஒரு வராந்தாவும்

வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி என்னும் அம்மையார் 1964, 1967, 1974 ஆகிய வருஷங்களில் வெளியிட்ட மூன்று நாவல்களைப்பற்றி நமது வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். மூன்றும் சேர்ந்து ஒரே குடும்பத்தின் கதை. தாய் சத்தியவதி, மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல். முதல் நாவலுக்கு 1976-ல் ஞானபீடப் பரிசு கிடைத்தது. எழுதிய அம்மையாரோ பள்ளிக்கூடத்திற்கே அனுப்பப்படாதவர். சகோதரர்கள் பாடம் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து, எழுத்துக்களைத் தலைகீழாகப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

இக்கதையில் கொடியவனான புருஷனைத் தேடினால் அகப்படமாட்டான். சத்தியவதியின் தகப்பனார் ராம்காளி பேர்பெற்ற வைத்தியர். மகளிடம் மெத்தப் பிரியமுள்ளவர். அவர்தான் எட்டு வயதில் அவளைக் கலியாணம் செய்து கொடுக்கின்றார்! புருஷன் நவகுமாரனும் சாது. சத்தியவதி பிடிவாதம் பிடித்துக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கின்றாள். அந்தச் சாதுதான், தன் தாயார் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, பெற்றவளுக்குத் தெரியாமலேயே அந்தச் சிறுமிக்குக் கலியாணம் நடக்க விட்டுவிடுகின்றார். அவர் எந்தச் சட்டத்தையாவது மீறினாரா? இல்லை. பெண்ணுக்கு 14 வயதாக வேண்டுமென்ற சட்டம் 1929-ல்தான் வந்தது. 18 ஆனது 1978-ல்.

"எங்கள் வீட்டில் பெண்களை யார் கொடுமைப்படுத்துகிறார்கள்?" என்று கேட்கும் கனவான்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அதிகாரம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும்போது, நீங்கள் நல்லவராயிருப்பது உங்கள் தயவேயல்லாமல் அவளுடைய உரிமையாகுமா?

சத்தியவதி வீட்டைத் துறந்து காசிக்குப் போய்விடுகின்றாள். பெற்ற மகளை விட்டுப் போகலாமா என்பார்கள். போனது முற்றும் சரியென்று சொல்ல நமக்கும் மனம் வரவில்லை. விடப்பட்ட குழந்தைதானே அந்தப் புகுந்த வீட்டில் கிடந்து உழன்றது? ஆனால், அக்கேள்வியைத் தகப்பனிடம் யாரும் கேட்பதில்லையே, அது ஏன்?

அக்குழந்தை சுவர்ணலதா வளர்ந்து புருஷனிடம் கேட்டது நகையல்ல, பட்டல்ல. கட்டப்போகும் வீட்டில் தெருவைப் பார்த்த ஒரு வராந்தா. ஆகட்டும் என்றான். வீடு முடிந்தது, வராந்தா இல்லை. (வீடு கட்டும் தோழர்களில் எத்தனை பேர், மேஸ்திரியிடம் பேசுமுன் வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கின்றீர்கள்?) பிறகு அவள் தன் வாழ்க்கையை எழுதி அச்சிட்டாள். வீட்டார் கைகொட்டிச் சிரித்தார்கள். புத்தகங்களை அவளே தீயில் போட்டாள்.

அவள் மகள் பகுல் பிற்காலத்தில் பேர்பெற்ற எழுத்தாளியானாள். அப்போதும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. 'அனாமிகா தேவி' என்றே எழுதினாள். அனாமிகா என்றால் பெயரில்லாதவள் என்று அர்த்தமாம்.