செவியைக் காப்பதும் சங்கத்தின் கடமையே

சிங்காநல்லூர் வட்டாரத்தில் நூலையும் தறியையும் அறியாத குடும்பம் அரிது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்த பின்னர்ப் பஞ்சாலைகள் பெருகின. பின்னாளில் விசைத்தறிகளும் பெருகின. தொழிலோடு கூடவே வளர்ந்த ஒன்றைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. அதுதான் இரைச்சல்.

ஷிப்டு முடிந்து தறிக்கூடத்தை விட்டு வெளியே வருபவருக்குக் காது அடைத்தாற்போல் இருக்கிறது. எதிரில் நிற்பவர் பேசுவது எங்கோ தொலைவிலிருந்து கேட்கிறது. சிலருக்குத் தலையும் சுற்றுகிறது. “பழகினால் சரியாய்ப் போய்விடும்” என்று மூத்தவர்கள் தேறுதல் கூறுவது வழக்கம். அந்தத் தேறுதல் தவறானது என்பதே எமது கருத்து. காது இரைச்சலுக்குப் பழகுவதில்லை. சிறிது சிறிதாகக் கெடுகிறது.

செவியின் உட்புறத்தில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலியை உணர்ந்து நரம்புக்கு அறிவிக்கின்றன. பேரொலியால் அவை களைத்துப்போகும்போது காது அடைத்தது போன்ற உணர்ச்சி தோன்றுகிறது. போதிய ஓய்வு கிடைத்தால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேள்வி திரும்பக்கூடும். நாள்தோறும் அதே தாக்குதல் நேருமாயின் அவ்வணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மனிதனுக்கு மீண்டும் உண்டாவதில்லை. உடலை நிலை தவறாமல் நிறுத்தும் உறுப்பும் அந்த நத்தைக்கூட்டை ஒட்டியே அமைந்துள்ளது. ஆதலின் பேரொலிக்குப் பின் வரும் தலைசுற்றலை வெறும் களைப்பென்று ஒதுக்கிவிடலாகாது.

நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல் என்பது மருத்துவ வல்லுநர் பலர் ஏற்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே வரம்பு. நாடா ஓடும் விசைத்தறிக்கூடத்தின் ஒலி அந்த அளவை எட்டக்கூடியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சணல் நெய்த பெண்களின் கேள்வியைச் சோதித்து 1965இல் வெளியிட்ட ஆய்வு இதையே மெய்ப்பித்தது. ஏறத்தாழ 100 டெசிபல் ஒலியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த அவர்களின் செவித்திறன் பெரிதும் குன்றியிருந்தது. கருவி இல்லாமலே சோதிக்க வழியுண்டு: கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்குத் தீங்கானது.

இது நெசவாளரின் கவலை மட்டுமன்று. டீசல் எஞ்சின், டிராக்டர், கோயில் விழாவின் அதிர்வேட்டு ஆகியவை உழவர் பெருமக்களின் செவியையும் தாக்குகின்றன. கிணற்றில் பாறைக்கு வைக்கும் வெடி அருகில் ஒரே முறை வெடித்தாலும் செவிப்பறை கிழியக்கூடும்.

காது அடைத்துத் தலை சுற்றினால் செய்ய வேண்டியது யாது? முதலில் இரைச்சலை விட்டு விலகி, அமைதியான இடத்தில் அமர வேண்டும். சுற்றல் நிற்கும்வரை தறியருகிலும், ஏணியிலும், கிணற்றுமேட்டிலும் நிற்கலாகாது, வண்டியும் ஓட்டலாகாது. எண்ணெய் ஊற்றுவதும், கோழி இறகு அல்லது தீக்குச்சியால் குடைவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதுவதும் கேடு விளைக்கும். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே காது மருத்துவரிடம் செல்க. நாட்கள் கடந்தால் மருந்தின் பயன் குறையும். காதில் இரத்தமோ நீரோ வடிந்தாலும், வாந்தியோடு உலகமே சுழல்வதுபோல் இருந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. நாக்குக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ அது மூளை நோயாக இருக்கக்கூடும்; உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோயே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழகத்தில் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1955இல் கோவையில்தான் தொடங்கிற்று. அதன் மருத்துவமனை சிங்காநல்லூரிலேயே இருக்கிறது. அட்டை உள்ளவர் அங்கே செவிச்சோதனை கேட்டுப் பெறலாம். ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானோர் உழைக்கும் சிறு தறிக்கூடங்களில் கூலிக்கு நெய்பவர், தம் வீட்டிலேயே தறி வைத்திருப்பவர், உழவர் ஆகியோரில் பெரும்பாலோர் அத்திட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்குச் சங்கத்தை விட்டால் வேறு துணை ஏது?

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள். நூலையும் உரத்தையும் மொத்தமாக வாங்குவதுபோல், காதடைப்பான்களையும் வாங்கி அடக்கவிலைக்கு வழங்குக. வெறும் பஞ்சுத் துணுக்கு போதிய காவல் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை செவிச்சோதனை முகாம் நடத்துக; உயர்ந்த சுருதிகள் முதலில் கெடுவதால், உரையாடலில் குறை தெரியுமுன்பே சோதனை அதனைக் காட்டிவிடும். தேய்ந்த உறுப்புகளை மாற்றவும், தறியின் காலடியில் ரப்பர் மெத்தை இடவும் சிறுகடன் அளிக்க முன்வருக.

“காதை அடைத்தால் இழை அறும் ஓசையும் தறியின் கோளாறும் தெரியாமற் போகுமே” என்பர் சிலர். காதடைப்பான் ஒலியைக் குறைக்குமேயன்றி முற்றாக மறைப்பதில்லை. சில நாட்களில் தறியின் ஓசை வேறுபாடு அதனூடேயும் பிடிபடும். செவி கெட்ட பின்னரோ எந்த ஓசையும் சரியாகத் தெரியாது.

தறியின் தேய்மானத்திற்கு நாம் கணக்கு வைக்கிறோம். அதை ஓட்டுபவரின் செவிக்கும் கணக்கு வைப்போமாக. தேய்ந்த தறிக்கு மாற்று வாங்கலாம். பேரக்குழந்தையின் மழலையைக் கேட்கும் செவிக்கு மாற்று எந்தச் சந்தையிலும் இல்லை. வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் இப்பொருளைத் தாமே எழுப்புவார்களாக.