பள்ளம் பக்கத்து மனையில், விரிசல் நம்ம சுவத்துல!

பக்கத்து மனையில ஜேசிபி இறங்குன நாள் ஞாபகம் இருக்கா தோழர்களே? முதல் நாள் அலமாரியில டம்ளர் அதிரும். ஒரு வாரத்துல வாசக்கதவு சரியா மூடாது. அப்புறம் ஜன்னல் மூலையில இருந்து குறுக்கா ஒரு விரிசல்.

எங்க சித்தி வீட்டுல இதுதான் நடந்துச்சு. சென்னைப் புறநகர், 30 வருஷப் பழைய வீடு. பக்கத்துல ஸ்டில்ட் பார்க்கிங்கோட நாலு மாடி. சம்புக்கும் லிஃப்ட் குழிக்கும் காம்பவுண்ட் சுவரை ஒட்டியே தோண்டினாங்க, மண்ணுக்கு முட்டு கூட கொடுக்கல. போய்க் கேட்டா பில்டர், "பழைய வீடும்மா, விரிசல் முன்னாடியே இருந்திருக்கும்"னுட்டாரு. காவல் நிலையத்துல "சிவில் மேட்டர்". அலுவலகத்துல "பிளான் அப்ரூவல் சரியா இருக்கு".

நான் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். பார்த்ததுமே அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு புரிஞ்சுது. ஆனா நிரூபிக்க என்ன இருக்கு? தோண்டுறதுக்கு முன்னாடி அந்தச் சுவர் எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ கூட இல்ல. பிரச்சனையே இதுதான்.

நம்ம ஊர்ல சர்வேயர்னா தாலுகா ஆபீஸ்ல இருந்து வந்து எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் வெச்சு எல்லைக்கல் காட்டுறவர். எல்லை எங்கன்னு அவர் சொல்வார். எல்லைக்கு அந்தப் பக்கம் தோண்டுனா இந்தப் பக்கம் என்ன ஆகும்னு சொல்றது அவர் வேலை இல்ல. அப்போ அது யார் வேலை?

இங்கிலாந்து, வேல்ஸ்ல அதுக்குன்னே 1996-ல ஒரு சட்டம் போட்டாங்க, பார்ட்டி வால் சட்டம். பக்கத்து கட்டடத்துல இருந்து 3 மீட்டருக்குள்ள, அதோட அஸ்திவாரத்தை விட ஆழமா தோண்டப் போறீங்களா? ஒரு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். ரொம்ப ஆழம்னா 6 மீட்டர் வரைக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் 14 நாள்ல சம்மதிக்கலைன்னா, சும்மா இருந்தாக்கூட, சர்வேயர் வரணும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர், இல்லைன்னா ஆளுக்கு ஒருத்தர். எப்படி, எந்த நேரத்துல வேலை செய்யணும்னு அவங்க எழுத்துல முடிவு கொடுப்பாங்க. வேலைக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுச் சுவர், கூரை, பழைய விரிசல் எல்லாத்தையும் போட்டோவோட பதிவு செய்றது அங்க வழக்கம். செலவு பெரும்பாலும் கட்டுறவர் தலையில. அங்கேயும் மீறுறவங்க இருக்காங்க. ஆனா "முன்னாடியே இருந்திருக்கும்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நம்மகிட்ட என்ன இருக்கு? 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம். அதுபடி வெறும் நிலத்துக்குப் பக்கத்து மண்ணோட தாங்குதல் உரிமை இயல்பாவே உண்டு. அந்த நிலத்து மேல வீடு கட்டிட்டா, கட்டடத்தோட சுமைக்கு அதே உரிமை கிடைக்க 20 வருஷம் ஆகணும். வெறும் மனைக்கு இருக்குற பாதுகாப்பு, லோன் போட்டு அஞ்சு வருஷம் முன்னாடி கட்டுன வீட்டுக்கு இல்ல!

2024 ஜூலையில சுயசான்று திட்டம் வந்துச்சு. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடுன்னா ஆன்லைன்ல உடனே அனுமதி. அலைச்சல் குறையுது, அதை நாங்க எதிர்க்கல. ஆனா கட்டுறவர் தன் வீட்டுக்குத் தானே சான்று கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்கு யார் சான்று கொடுப்பா?

"செலவு ஏறிடும்"னு ஒரு குரூப் வரும். ஒரு இன்ஜினியர் அரை நாள் போட்டோ எடுத்து, பழைய விரிசல் மேல கண்ணாடித் துண்டு ஒட்டிட்டுப் போற வேலை இது. கண்ணாடி உடைஞ்சா விரிசல் அசையுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது மேல இருக்குற கட்டடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்றாங்களே, அது தெருவுக்கு மட்டும் ஆகாதா?

நாங்க கேக்குறது: எல்லையை ஒட்டித் தோண்டுற எந்த வேலைக்கும், பில்டரோட ஆள் இல்லாத ஒரு இன்ஜினியர் பக்கத்து வீட்டைப் பதிவு செஞ்ச அறிக்கை வேணும். ஒரு பிரதி அந்த வீட்டுக்காரர் கையில. அது இல்லாம மண்வெட்டி இறங்கக் கூடாது.

சட்டம் வர்ற வரைக்கும், பக்கத்து மனையில பூஜை போட்ட அன்னைக்கே போனை எடுங்க. எல்லாச் சுவரையும் அன்றைய நாளிதழோட சேர்த்து வீடியோ எடுத்து, உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க. ஏற்கனவே விரிசல் விட்ட வீடுன்னா ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க, தொகுத்து மனுவா கொடுக்கப் போறோம்.

#தோண்டும்முன்_பதிவுசெய்