நிறுவினால் போதுமா?

மின்சார மோட்டார் வண்டிகளுக்கென்று பொது மின்னேற்று நிலையங்களை நாடெங்கும் அமைக்க மத்திய சர்க்கார் பெருந்தொகை ஒதுக்கியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றும் 7,432 விரைவு மின்னேற்று நிலையங்களை அமைப்பதற்காக 800 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. 2024-ல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்திலோ இக்காரியத்துக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கச்சா எண்ணெய்க்காக ஆண்டுதோறும் அயல்நாடுகளுக்குப் பெருஞ்செல்வத்தை வாரிக்கொடுத்துவரும் நம் தேசத்துக்கு இது நன்முயற்சி என்பதில் ஐயமில்லை. இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறோம். இன்று நிறுவப்படும் நிலையம் அடுத்த வருஷமும் வேலை செய்யும் என்பதற்கு என்ன உறுதி?

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சவாரி போகும் வாடகை வண்டிக்காரர் ஒருவர், மின்சாரம் குறைந்துபோன நிலையில் இரவு நேரத்தில் ஒரு மின்னேற்று நிலையத்தை வந்தடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையம் தயாராக இருப்பதாக அவருடைய கைப்பேசி சொல்லுகிறது. அங்கே திரை இருண்டு கிடக்கிறது. கேபிளின் முனை உடைந்து தரையில் கிடக்கிறது. அடுத்த நிலையம் வரை போவதற்கு வண்டியில் சக்தியில்லை. அவருடைய அன்றைய கூலி போயிற்று. வண்டியிலிருக்கும் பிரயாணியின் காரியமும் கெட்டது. இவ்விருவரும் தம் ஊர் திரும்பி என்ன சொல்லுவார்கள்? மின்சார வண்டியை நம்பாதே என்றுதானே சொல்லுவார்கள்! நூறு விளம்பரங்கள் உண்டாக்கும் நம்பிக்கையைப் பழுதான ஒரு யந்திரம் அழித்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. செல்வத்திலும் யந்திர வித்தையிலும் சிறந்த அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2022-ல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பிரதேசத்தில் ஆராய்ச்சியாளர்கள் பொது விரைவு நிலையங்களுக்கு நேரில் சென்று, 657 மின்னேற்று முனைகளைச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதமே. கம்பெனிகளோ தங்கள் சார்ஜர்கள் 95 முதல் 98 சதவீத நேரம் இயங்குவதாகச் சொல்லிவந்தன. காகிதத்தில் இயங்கும் யந்திரம் வேறு, களத்தில் இயங்கும் யந்திரம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சார்ஜர் கெடுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சிறியவையே. கேபிளைத் தரையில் போட்டு அதன்மேல் வண்டி ஏற்றுகிறார்கள். காற்று வடிகட்டியில் தூசி அடைத்து உட்பாகங்கள் சூடேறுகின்றன. முனையிலுள்ள ஊசிகள் தேய்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கிறது. தகவல் தொடர்பு அறுந்தால் பணம் செலுத்த முடிவதில்லை. இவற்றுள் எதுவும் தீராத நோயன்று. பழுதை உடனே அறிந்து, உரிய ஆளை அனுப்பி, உரிய உதிரி பாகத்தை அவர் கையில் கொடுக்கும் ஒழுங்குதான் இல்லை.

அவ்வொழுங்கைத் தருவதற்கே பராமரிப்பு மேலாண்மை மென்பொருள் என்ற சாதனம் ஏற்பட்டிருக்கிறது. பெயர் பெரிது, தத்துவம் எளிது. பஞ்சாலை மேஸ்திரி ஒவ்வொரு யந்திரத்துக்கும் எண்ணெய் இட்ட தேதியைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகத்தின் வளர்ந்த வடிவமே அது. ஒவ்வொரு சார்ஜருக்கும் அதில் ஒரு தனி ஏடு உண்டு. அது எப்போது நிறுவப்பட்டது, உத்தரவாதம் எதுவரை, எந்தப் பாகம் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டிய நாளையும், மின்கசிவுப் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டிய நாளையும் அது முன்கூட்டியே நினைவூட்டும். இன்றைய சார்ஜர்கள் பல ஓ.சி.பி.பி. என்னும் பொது விதிமுறைப்படி தங்கள் பழுதைத் தாமே தலைமை நிலையத்துக்குத் தெரிவிக்க வல்லவை. அச்செய்தி வந்த கணமே வேலைச் சீட்டு ஒன்று பிறந்து, அருகிலுள்ள தொழிலாளியைச் சென்றடையும். பழுது தீர்ந்து, சோதித்துப் பார்த்த பிறகே சீட்டு முடியும்.

மென்பொருள் ஸ்பானர் பிடிக்குமா என்று சிலர் கேட்கலாம். பிடிக்காதுதான். பழுதைச் சொல்ல வேண்டிய சார்ஜரே தவறாகச் சொல்லுவதும் உண்டு. முனை உடைந்திருந்தும், தான் தயார் என்றே அது அறிவிக்கக்கூடும். ஆதலால் மனிதர் நேரில் சென்று பார்ப்பதும் அவசியம். இதில் நம் மாகாணத்துக்கே ஓர் அனுபவம் உண்டு. 1970-களில் கிராமங்களில் நிறுவப்பட்ட கைப்பம்புகளில் பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தபோது, உறுதியான புதிய பம்பு மட்டும் போதாது என்று உணர்ந்து, தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வகுக்கப்பட்டது. கிராமத்தில் ஒரு காப்பாளர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், ஜில்லாவில் ஒரு பழுதுபார்க்கும் குழு. தண்ணீருக்குப் பொருந்திய நியாயம் மின்சாரத்துக்குப் பொருந்தாதா? அன்று தபால் அட்டை செய்த வேலையை இன்று மென்பொருள் நொடியில் செய்யும். வித்தியாசம் அவ்வளவே.

செலவு அதிகமாகும் என்பது மற்றோர் ஆட்சேபம். லட்சக்கணக்கில் செலவிட்டு நிறுவிய யந்திரத்தைத் துருப்பிடிக்க விடுவது சிக்கனமாகுமா?

பிரிட்டன் 2023-ல் செய்த விதிகளின்படி, அங்குள்ள விரைவு சார்ஜர் தொகுதிகள் 2024 நவம்பர் முதல் வருஷத்தில் 99 சதவீத நேரம் இயங்கியாக வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. சர்க்கார் பணம் பெறும் சார்ஜர்களுக்கு அமெரிக்கா 2023-ல் 97 சதவீதம் என்று விதித்தது. 97 சதவீதம் என்றால் வருஷத்தில் ஏறக்குறைய பதினோரு நாள் பழுதாகலாம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்குமேல் சற்றே.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு நிலையமும் இத்தகைய பராமரிப்புப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். அது கண்டிராக்டரின் சொத்தாக இருத்தலாகாது; கண்டிராக்டர் மாறினாலும் ஏடு நிலையத்தோடு நிற்க வேண்டும். பழுதாய்க் கிடந்த நேரத்தை மாதந்தோறும் ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். அக்கணக்கை நேரில் சென்று சோதிக்கவும் வேண்டும். உதவித்தொகையின் ஒரு பகுதியையேனும், நிறுவியதற்காக அல்லாமல் தொடர்ந்து இயங்கியதற்காகவே கொடுக்க வேண்டும். ஜில்லாதோறும் ஐ.டி.ஐ.யில் பயின்ற இளைஞர்களுக்கு இத்தொழிலைக் கற்பித்து, வேலைச் சீட்டுக்களை அவர்கள் தாய்மொழியிலேயே அனுப்ப வேண்டும்.

திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. பராமரிப்புக்கு அவை இல்லை. ஆனால் நடுவழியில் நிற்கும் வண்டிக்காரருக்கு வேண்டியது விழாவன்று, மின்சாரம். இதை அதிகாரிகள் காலத்தில் உணர்ந்து ஆவன செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.